அஸருக்குப் பிந்திய வெள்ளை

கல்முனையில் அவரிடம் ஒரு நிறத்தின் பெயரைக் கேட்டு நேரான பதில் வாங்கிய ஒருவரையும் நான் அறியேன்.

"டீச்சர், இந்தச் சாரி பச்சையா, நீலமா?"

"எந்த வக்துல கேக்கிறீங்க?"

இதுதான் பதில். ஒவ்வொரு முறையும் இதுதான். சுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று தொழுகைக்கு ஐந்து வக்து. அந்த ஐந்துக்கும் இடையில் எத்தனை வெளிச்சங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. புடைவைக் கடையில் துணியை விரித்துப் போட்டால் முதலில் கூரையில் எரியும் டியூப் லைட்டை முறைப்பார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடு றோட்டுக்கு நடந்து போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கடை முதலாளி வாசல் வரை ஓடி வருவார்.

"டீச்சர், பஸ் வருது! துணி போனா போகட்டும், நீங்க போயிடாதீங்க!"

"பஸ்ஸுக்கும் கண் இருக்குதானே, முதலாளி," என்பார் திரும்பாமல்.

நான் காரைதீவுக்காரி. கல்முனையில் அந்த முஸ்லிம் பெண்கள் பாடசாலைக்குத் தமிழ் படிப்பிக்கப் போன காலத்தில், ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. சித்திர ஆசிரியை. கறுப்புப் பர்தாவின் கை ஓரத்தில் எப்போதும் காய்ந்த நிறம் ஒன்று ஒட்டியிருக்கும். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு ஜாம் போத்தல், அதில் தூரிகைகள். ஒருநாள் கதைத்துக்கொண்டே என் பிளேன்டிக்குள் தூரிகையைக் கழுவிவிட்டார். பதறவில்லை. கோப்பையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, "இது நல்லாத்தான் கெடக்கு தங்கச்சி, குடிச்சிடாத," என்றார். அன்று மாலை வரை அந்தத் தேநீர் அவர் மேசையில் ஓர் ஓவியமாக இருந்தது.

எனக்கு நேரம் கைக்கடிகாரத்தில் இருந்தது. அவருக்கு அது நிழலில் இருந்தது. "நிழல் ஆளளவு நீண்டா அஸர். மேற்கால சிவப்பு அழிஞ்சா இஷா. எங்கட மார்க்கம் நேரத்தை வெளிச்சத்தாலதான் அளந்திருக்கு. மணிக்கூடு பிறகு வந்த சாமான்." இதைச் சொல்லும்போது அவர் முகம் ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கும். 

உயர்தர வகுப்புக்குச் சித்திரப் பாடத்தில் பிரான்சு இருந்தது. மனப்பதிவு வாதத்தில் தொடங்கி நவீன ஓவியம் வரை. ஆனால் பிள்ளைகளின் கைக்கு அது போட்டோக்கொப்பியாகத்தான் வந்தது; கொப்பிக்குக் கொப்பி, அதற்கும் கொப்பி. நிறத்துக்காகவே வாழ்ந்து தீர்ந்த மனிதர்கள் எங்கள் ஊருக்குக் கறுப்புக் கறைகளாக வந்து இறங்கினார்கள். டீச்சர் தளரவில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் யாரிடமோ இரவல் வாங்கிப் பார்த்த நிறப்படப் புத்தகம் ஒன்று அவர் தலைக்குள் இருந்தது. ஒவ்வொரு கொப்பிக்கும் தானே சுண்ணக்கோலால் நிறம் போட்டு, வகுப்பில் ஒட்டுவார்.

என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். நான் புணர்ச்சி விதி சொல்லிக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகளின் காதெல்லாம் பிரான்சில் இருக்கும். கொஞ்ச நாளில் என் காதும் அங்கே குடிபோயிற்று.

"வைக்கல் போர் என்டு நினைக்காதீங்க புள்ளையள். உள்ளுக்குக் கதிர் இருக்கு. எங்கட வயல்ல அறுத்துக் கட்டி அடுக்குவாங்களே, சூடு, அதுதான் இது. இந்த மனிசன் ஒரே சூட்டை சுபஹிலயும் வரைஞ்சார், அஸர்லயும் வரைஞ்சார், பனிக்குள்ளயும் போய் நிண்டு வரைஞ்சார். சூட்டையா வரைஞ்சார்? இல்ல. வக்தை வரைஞ்சார்."

ஓவியர்களின் உண்மைப் பெயர்களைப் பரீட்சைக்கு முந்திய மாதம்தான் பாடமாக்க விடுவார். அதுவரைக்கும் அவர்களெல்லாம் எங்கள் ஊர் ஆட்கள் மாதிரிப் பட்டப்பெயருடன் உலாவினார்கள். சூட்டுக்காரர். அப்பிள்காரர். புள்ளிக்காரர். மஞ்சள்காரர்.

"அப்பிள்காரருக்கு அது போதல்ல. மஃரிபோட வெளிச்சம் போயிடும், ஆனா இருட்டுலயும் மேசையில அப்பிள் இருக்குதானே என்டு யோசிச்சார். அந்த இருக்கிற அப்பிளை வரையப் போனார். புள்ளிக்காரர் நிறத்தைக் குழைக்கவே இல்ல, பக்கத்துல பக்கத்துல வச்சிட்டுக் குழைக்கிற வேலையை உங்கட கண்ணுக்கு உட்டுட்டார். மஞ்சள்காரர் கண் கண்டதை உட்டுட்டு மனசு கண்ட நிறத்தைப் பூசினார். மறுகா ரெண்டு பேர் வந்து எல்லாத்தையும் உடைச்சாங்க."

"ஏன் டீச்சர் உடைச்ச?"

"உம்மாவை ஒரு பக்கத்தால மட்டும் பாத்து, இதுதான் உம்மா என்டு சொல்ல ஏலுமா? குசினிக்குள்ள ஒரு உம்மா. கோவத்துல ஒரு உம்மா. தொழுதுட்டு இருக்கக்குள்ள ஒரு உம்மா. எல்லாரையும் ஒரே தாள்ல இருத்தப் போனா, உடையாம என்ன செய்யும்?"

இடுப்பளவு சுவரின் இந்தப் பக்கத்தில் நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என் அம்மாவை நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஆசிரியர் அறையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் அவரை விடமாட்டார். "டீச்சர், நிறம் என்டா அலைநீளம். அதுக்கு ஒரு அளவு இருக்கு. வக்துக்கு வக்து மாறாது."

"அந்த அலைநீளத்தை எந்த வக்துல அளந்த சேர்?"

"ஆய்வுகூடத்துல, லைட் போட்டு."

"அதுதான் பிழைச்சிருக்கு," என்று அவர் சொல்ல, சேர் தலையில் கைவைத்துக்கொண்டு கன்டீனுக்குப் போவார்.

சூட்டுக்காரரின் முதுமைக் கதையை அவர் சொன்ன நாளும் நினைவிருக்கிறது. வீட்டுக் குளத்தில் ஆம்பல் வளர்த்து வரைந்துகொண்டிருந்த மனிதருக்குக் கண்ணில் புரை படர்ந்தது. குளம் சிவந்தது. மேலே இருந்த சின்னப் பாலம் நெருப்பாயிற்று. "ஆக்கள் புது மாதிரி ஓவியம் என்டாங்க. அந்த மனிசன் கண்டதைத்தான் வரைஞ்சிருக்கார். கண்ணுக்குள்ள மெதுவா மஞ்சள் ஏறக்குள்ள ஆருக்கும் விளங்காது புள்ளையள். உலகம்தான் பழசாப் போகுது என்டு நினைச்சிக்குவம்."

அதைச் சொன்னவருக்கே அது நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்ததை வேறு பெயரில் வைத்திருந்தோம். காலைக் கூட்டத்தில் வெள்ளைச் சீருடையும் வெள்ளை முக்காடுமாகப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, டீச்சர் நடுவால் நடந்து போவார். "என்ன புள்ள இது, பழுத்துப்போய்க் கெடக்கு? உம்மாட்டச் சொல்லிச் சோப்பை மாத்து. எள்ளுப்போல நீலம் போட்டு அலசு." முதலில் ஒருத்தி. பிறகு பத்துப் பேர். பிறகு முழு வரிசையும். கண்டிப்பு கூடிவிட்டது என்று நினைத்தோம். பிள்ளைகள் வீட்டில் தேய்தேய் என்று தேய்த்தார்கள். 

இதற்கிடையில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் கரையில், முஸ்லிம்களிலும் தமிழர்களிலும், வீடு பெண்ணுக்கு. தாய் தகப்பன் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். டீச்சரின் கணவர் மகள் சின்னவளாக இருந்தபோதே மௌத்தாகிவிட்டார். கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையின் முடிவில், மேற்குப் பார்த்த வளவில், தனி ஒருத்தியாகக் கல்லுக்கல்லாக அந்த வீட்டை எழுப்பினார். கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் மகளின் விருப்பத்துக்கு விட்டார். சுவரின் நிறம் மட்டும் தன்னுடையது என்றார். யார் மறுப்பார்கள்?

மாப்பிள்ளை வீட்டார் வர இருந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய செவ்வாய், மகள் எனக்குக் கோல் எடுத்தாள். குரலை அடக்கிக் கதைத்தாள்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய மாப்பிள்ளை ஊட்டாக்கள் ஊடு பாக்க வாறாங்க. பகல் சாப்பாடு. நீங்க அதுக்கு முதல் ஒருக்கா வந்து... உம்மாட்ட நீங்கதான் சொல்லோணும்."

"என்னத்தைச் சொல்ல?"

"வந்து பாருங்களன்."

பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். ஒழுங்கை திரும்பியதும் நின்றுவிட்டேன். வீட்டின் முன்சுவர் முழுக்க நீலம். சாடையான நீலம் அல்ல. உச்சி நேரக் கடலைப் பிழிந்து வற்றக் காய்ச்சிப் பூசிய நீலம். பக்கத்து வீட்டுச் சேவல்கூட அதற்கு முன்னால் கொஞ்சம் வெட்கப்பட்டு நிற்பது போல இருந்தது.

வாசலில் பெயின்ட் அடிக்கும் பாஸ் தன் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "பாஸ், இது..." என்றேன்.

"நான் வெள்ளைதான் டீச்சர் முதல்ல அடிச்ச," என்றார் மெதுவாக. "மஞ்சளாக் கெடக்கு, எள்ளுப்போல நீலம் போடுங்க என்டாங்க. போட்டன். இன்னும் என்டாங்க. இன்னும் போட்டன். அவங்க பிரான்சு வரைக்கும் படிச்ச ஆள். நான் நினைச்சன், இதுதான் அங்கத்தய வெள்ளை என்டு."

மகள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் சிவந்திருந்தது.

"ஒழுங்கை முழுக்கச் சிரிக்குது டீச்சர். மாமி ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

"அதை உம்மாட்ட நீயே சொல்லலாம்தானே?"

"சுவரை மாத்தலாம், அது லேசு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா சொன்னா, தன்ட கண் போயிட்டு என்டு உம்மாக்கு விளங்கிடும். விளங்கினா அடுத்த நாளே ஸ்கூலை உட்டுடுவா. நிறம் தெரியாதவ சித்திரம் படிப்பிக்கப்படாது என்டு சொல்லுவா. மறுகா உம்மாக்கு என்ன இருக்கு?"

டீச்சர் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"சுபஹ் தொழுதுட்டுக் கடற்கரைக்குப் போனா, சூரியன் வர முந்தி மண்ணுல ஒரு வெள்ளை கெடக்கும் தங்கச்சி. அவரோட கலியாணம் முடிச்ச புதுசுல போய்ப் பாக்கிற. அந்த வெள்ளை. பிடிச்சிட்டன். எப்படி?"

அவருடைய பதிலையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். "எந்த வக்துல கேக்கிறீங்க டீச்சர்?"

சத்தமாகச் சிரித்தார். "எந்த வக்துலயும்! அதுதான் இதுட கெட்டித்தனம். காலையில, பகல்ல, பின்னேரம், எப்ப பாத்தாலும் அதே வெள்ளைதான். மாறவே இல்ல."

சொல்லி முடித்த பிறகு சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் தனியாக நின்றது.

"மாறாத நிறம் என்டு ஒண்டு இல்ல என்டு நீங்கதானே டீச்சர் சொன்ன," என்றேன். "குளம் சிவந்த நேரம்... சூட்டுக்காரருக்கு அதை ஆரு சொன்ன?"

கண்ணாடியைக் கழற்றினார். முக்காட்டு ஓரத்தால் துடைத்தார். போட்டார். மீண்டும் கழற்றினார். ஒழுங்கைக்குள் ஒரு மீன்காரரின் ஹோர்ன் கேட்டது, பிறகு அதுவும் போயிற்று.

"எவ்வளவு நீலம்?"

"சங்குப்பூவுக்குக் கிட்ட."

"பாஸ் கண்டவரா?"

"ஓம்."

"மகள்?"

"ஓம் டீச்சர்."

தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார். ஊரைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் கையைப் பிடித்தார்.

"புள்ளையள்ட உடுப்பு?"

"வெள்ளைதான் டீச்சர். எப்பவும் வெள்ளையாத்தான் இருந்தது."

"யா அல்லாஹ். அந்தப் புள்ளைகள் எவ்வளவு தேய்ச்சிருக்கும்."

அப்போதுதான் அழுதார். சுவருக்காக அல்ல.

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தார். முகம் கழுவியிருந்தார். குரலும் கழுவியது போல இருந்தது.

"தங்கச்சி, எழும்பிப் போகாத. எனக்கு உன்ட கண் வேணும். இப்ப என்ன நிறம்?"

"நீலம்."

தென்னோலை நிழல் முற்றத்தில் நீண்டு வந்தது. மேற்கே, றோட்டுக்கும் அப்பால் வயல்வெளிக்கு மேல், வெயில் பழுக்கத் தொடங்கியிருந்தது.

"இப்ப?"

"நீலம்தான். கொஞ்சம் சோர்ந்திருக்கு."

"இப்ப?"

"சாம்பல் கலந்திருக்கு டீச்சர்."

"பொறு. சூரியன் அந்தப் பிலாமரத்துக்குக் கீழ இறங்கட்டும்."

இறங்கியது. ஒழுங்கையின் முழு நீளத்துக்கும் மஞ்சள் ஒளி ஓடி வந்து சுவரில் மோதியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நீலம் மூச்சை உள்ளே இழுத்தது போல அடங்கிற்று. அதன் இடத்தில் ஒரு வெள்ளை எழும்பியது. முத்தின் உட்புறம் போல, ஈர மணல் போல. காரைதீவுக் கடற்கரையில் சூரியன் வர முந்தி நானும் அந்த வெள்ளையைக் கண்டிருக்கிறேன். பெயர் வைக்கத்தான் தெரிந்திருக்கவில்லை.

"சொல்லன் புள்ள."

"வெள்ளை, டீச்சர். நீங்க சொன்ன அந்த வெள்ளை."

அவருக்கு ஒன்றும் மாறியிருக்கவில்லை. அவர் கண்ணுக்குள் படர்ந்திருந்த மஞ்சளைத்தான் சூரியன் இப்போது எங்கள் எல்லோருக்கும் பூசியிருந்தான். குசினிக்குள் இருந்து மகள் வந்தாள். பாஸ் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார், சுவரைப் பார்க்கவில்லை.

"மகள், மாமிட்டச் சொல்லு. பகல் சாப்பாடு வேணாம். அஸர் தொழுதுட்டு, ஆறுதலா வரட்டும்."

வெள்ளிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையின் உம்மாவும் அவருடைய இரண்டு மகள்மாரும் வான் ஒன்றில் வந்து இறங்கிய நேரம், சுவர் வெளுத்து நின்றது. வட்டிலப்பம் வந்தது, பிளேன்டி வந்தது. மகளின் முகம் தெளிந்தது. எல்லாம் நல்லபடி முடியப் போகிறது என்று நான் மூச்சை விட்டபோது, டீச்சர் வாயைத் திறந்தார்.

"சம்மந்தி, ஒரு கதை. இது இப்பதான் வெள்ளை. பகல்ல வந்து பாத்தா நல்ல நீலம். என்ட கண்ணுல புரை. பிழையாத் தெரிவு செஞ்சிட்டன். ஒளிச்சி வைக்க விருப்பமில்ல."

மகள் தட்டை இறுக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளையின் உம்மா வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார், பிறகு டீச்சரை.

"என்ன கதை இது? காலையில கடற்கரைக்கு மீனுக்கு வரக்குள்ள, பொறுக்க ஏலாம எட்டிப் பாத்துட்டுத்தானே போன நான். அப்பவும் வெள்ளைதான்."

அவருடைய இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவள்தான் முதலில் வாயைப் பொத்தினாள். "உம்மா... காலையில நல்ல நீலமாத்தானே கெடந்த. நான் உங்களோட வந்த."

"பொய் சொல்லாதடி!"

டீச்சர் எழுந்து போய் அவர் பக்கத்தில் இருந்து, தோளில் கைபோட்டு, "சம்மந்தி, உங்கட ஊட்டுலயும் சோப்பெல்லாம் சரியில்லாமப் போச்சா?" என்று கேட்டார். 

"ஓம்! இப்ப வாற சோப்பு ஒண்டும் சரியில்ல!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்த வட்டிலப்பம் யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு சம்மந்திமாரும் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்புரையை வெட்டிக்கொண்டு வந்தார்கள். டீச்சர் பாடசாலையை விடவில்லை. கட்டு அவிழ்த்து முதல் நாள் வந்தவர், காலைக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். அவ்வளவு வெள்ளை. பிறகு வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பிள்ளையின் முக்காட்டையும் தொட்டுத் தொட்டு, "என்ன சோப்பு மகள்? என்ன சோப்பு?" என்று கேட்டுக்கொண்டே போனார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு. எனக்குத்தான் கீழே பார்க்க வேண்டியிருந்தது.

சுவரைப் பகல் வெளிச்சத்தில் முதன்முதலாகக் கண்டபோது இடுப்பில் கைவைத்து நின்றாராம். மகள் சொன்னாள். "பிரான்சுல கடைசியா ஒருத்தன் வந்தான். சூடு வேணாம், அப்பிள் வேணாம், உடைக்கவும் வேணாம் என்டு, படம் முழுக்க ஒரே நீலத்தைப் பூசிட்டுப் போனான். அவங்க அத்தனை பேரும் சேந்து நடந்து போய்ச் சேந்த இடத்துக்கு, நான் ரெண்டு வாளி பெயின்ட்ல வந்துட்டன் பாரு." பாஸைக் கூப்பிட்டு வெள்ளை அடிக்கச் சொல்லவா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றவள் மகள்தான்.

எனக்கு இடமாற்றம் வந்தது. ஒரு இடத்தில் நின்று பழகாத கால் எனக்கு. அதற்குப் பிறகு பல ஊர்கள். புறப்படும் முன் சொல்லிக்கொண்டு வரப் போனேன். அஸர் முடிந்திருந்தது. ஒழுங்கையின் முடிவில் அதே முற்றம். இரண்டு கதிரைகள், இரண்டு சம்மந்திமார், கையில் பிளேன்டி. எனக்கு மூன்றாவது கதிரை வந்தது. சூரியன் பிலாமரத்துக்குக் கீழே இறங்கியதும் நீலம் உள்ளே போயிற்று, அந்த வெள்ளை வெளியே வந்தது.

"முந்தி இது எனக்கு நாள் முழுக்க இருந்த," என்றார் டீச்சர். "இப்ப உங்க எல்லாரையும் போல, மஃரிப் பாங்குக்கு முதல் இந்தக் கொஞ்ச நேரம்தான்."

"கவலையா டீச்சர்?"

சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், என் கைமேல் தன் கையை வைத்தார்.

"எந்த வக்துல கேக்கிறாய், தங்கச்சி?"